கதவு திறந்தபோது மறைந்த அணி

2024 மே மாத இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு விளையாட்டுச் செய்தி என் கவனத்தை ஈர்த்தது. பேஸ்பால் வரலாற்றில் வாழ்நாள் மட்டைச் சராசரியில் பல தலைமுறைகளாக முதலிடத்தில் இருந்த டை காப், இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். அவரது இடத்துக்கு ஜாஷ் கிப்சன் வந்தார். காப் மறைந்தது 1961இல். கிப்சன் மறைந்தது 1947இல். இருவரும் இறந்து இத்தனை காலத்துக்குப் பிறகு சாதனைப் பட்டியல் எப்படி மாறும்?

விடை எளிது. நிறவெறி காரணமாக மேஜர் லீக் போட்டிகளில் சேர்க்கப்படாத கறுப்பின வீரர்கள், தங்களுக்கென்று தனி லீக்குகளை அமைத்துக்கொண்டு ஆடினார்கள். அக்காலப் பெயரில் அவை ‘நீக்ரோ லீக்’ எனப்பட்டன. 1920 முதல் 1948 வரை அவற்றில் ஆடிய 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் எண்கள், மேஜர் லீக்கின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. கிப்சனின் சராசரி .372. அதாவது, மட்டை பிடித்த ஆயிரம் வாய்ப்புகளில் 372 முறை பந்தை அடித்து முதல் தளத்தையாவது எட்டியிருக்கிறார். காப்பின் சராசரி .367.

தாமதமான நீதி என்றாலும் நீதிதான் என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால், அந்தப் பட்டியலில் இருந்த பெயர்களைத் தொடர்ந்து படித்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. வீரர்களின் எண்கள் வந்து சேர்ந்துவிட்டன. அவர்கள் ஆடிய அணிகள் எங்கே? அந்த லீக்குகளின் அணிகளில் ஒன்றுகூட மேஜர் லீக்குக்குள் வரவில்லையே, ஏன்? இந்தக் கேள்வியோடு படிக்கத் தொடங்கிய நான், கடைசியில் வந்து நின்ற இடம் ‘நியூவர்க் ஈகிள்ஸ்’ என்ற அணி. 1946இல் அது கறுப்பின லீக்குகளின் சாம்பியன். அடுத்த இரண்டே ஆண்டுகளில் நியூவர்க்கில் அப்படி ஓர் அணி இல்லை. இடையில் நடந்தது, நிறத் தடை உடைந்தது என்ற நல்ல செய்தி மட்டும்தான்.

எழுதப்படாத விதி

கறுப்பினத்தவர் மேஜர் லீக்கில் ஆடக் கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. 1884இல் டொலீடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் ஆடியும் இருக்கிறார். அதன் பிறகு, அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு 60 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. எழுதப்பட்ட சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்; எழுதப்படாத விதியை எதிர்ப்பதற்கு எங்கே போவது? அதன் வலிமையே அதுதான்.

எனவே, 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்ற வீரர், கான்சஸ் சிட்டி நகரில் மற்ற உரிமையாளர்களைக் கூட்டி ‘நீக்ரோ நேஷனல் லீக்’ அமைப்பைத் தொடங்கினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் அது 1931இல் சரிந்தது. 1933இல் கஸ் கிரீன்லீ என்பவரின் முயற்சியால் அதே பெயரில் மீண்டும் எழுந்தது. அந்த இரண்டாவது லீக்கில்தான் ஈகிள்ஸ் பிறந்தது.

ஏப் மேன்லி, அவருடைய மனைவி எஃபா மேன்லி இருவரும் 1935இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அணியைத் தொடங்கினார்கள். ஓராண்டு அங்கே பட்ட நட்டத்துக்குப் பின், அருகிலுள்ள நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் தள்ளாடிக்கொண்டிருந்த மற்றோர் அணியை வாங்கி, இரண்டையும் இணைத்து 1936இல் ‘நியூவர்க் ஈகிள்ஸ்’ ஆக்கினார்கள். ஏப் மேன்லியின் பணம் சட்டத்துக்குப் புறம்பான எண் சூதாட்டத்தில் ஈட்டியது. இதை மறைக்க வேண்டியதில்லை. கறுப்பினத்தவருக்கு வங்கிகள் கடன் தர மறுத்த காலத்தில், அவர்களுடைய அணிகள் பலவற்றுக்கு முதலீடு வந்த வழி அதுதான்.

வரவு செலவு பார்த்த பெண்

வீரர்களைத் தேர்ந்தெடுப்பது கணவரின் ஆர்வம். அணியை நடத்தியது மனைவி. போட்டி அட்டவணை, சம்பளப் பட்டியல், பயண ஏற்பாடு, விளம்பரம், ஒப்பந்தக் கடிதங்கள் என அனைத்தும் எஃபா மேன்லியின் மேசைக்கே வந்தன. ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த லீக் கூட்டங்களில் கணக்கு கேட்டுச் சண்டையிடும் ஒரே பெண்ணாக அவர் இருந்தார். வெள்ளை நிறத் தோற்றம் கொண்டவர். தன்னைப் பெற்றவர்கள் இருவரும் வெள்ளையர் என்று பிற்காலத்தில் அவரே கூறியதுண்டு. ஆனால், வளர்ந்தது கறுப்பினக் குடும்பத்தில். வாழ்ந்தது கறுப்பினச் சமூகத்தில்.

அவருக்கு அணி என்பது வணிகம் மட்டுமல்ல. 1934இல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின வாடிக்கையாளரை நம்பிப் பிழைத்துக்கொண்டு கறுப்பினப் பெண்களை விற்பனையாளராக வேலைக்கு வைக்க மறுத்த ஒரு பெரிய கடைக்கு எதிராக நடந்த புறக்கணிப்புப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். கடை இறங்கிவந்தது. கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமைக்கு எதிராக 1939இல் அவர் தமது அணியின் மைதானத்திலேயே ஒரு நாளை ஒதுக்கி, பார்வையாளர்களிடம் நிதி திரட்டினார். கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் நியூவர்க் கிளையில் பொருளாளராகவும் பணியாற்றினார்.

அந்த மைதானம் அவர்களுடையது அல்ல. ரூபர்ட் ஸ்டேடியம், நியூயார்க் யாங்கீஸ் அணியின் துணை அணியான நியூவர்க் பேர்ஸுக்குச் சொந்தம். அந்த அணி வெளியூர் போகும் நாள்களில் வாடகை கொடுத்து ஈகிள்ஸ் ஆடும். தன் அணியில் கறுப்பினத்தவர் ஒருவரையும் சேர்க்காத நிறுவனம், கறுப்பின ரசிகர்களின் நுழைவுச்சீட்டுப் பணத்தில் பங்கு பெற்றுக்கொண்டிருந்தது. யாங்கீஸ் தன் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது 1955இல்.

ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அந்த மைதானம் நியூவர்க் கறுப்பின மக்களுடையதாக இருந்தது. தேவாலயத்துக்கு அணிந்த நல்ல உடையுடனே குடும்பம் குடும்பமாக வந்து அமர்வார்கள். ஆட்டம் முடிந்ததும் வீரர்களும் ரசிகர்களும் ‘கிராண்ட் ஹோட்டல்’ என்ற விடுதியில் கூடுவார்கள். இந்நகரில் பிறந்து வளர்ந்த கவிஞர் அமிரி பராகா, தந்தையின் கைபிடித்து ஈகிள்ஸ் ஆட்டங்களுக்குச் சென்ற நாள்களைத் தமது சுயசரிதையில் பெருமிதத்துடன் பதிவுசெய்திருக்கிறார். பிறர் வீட்டில் வேலை செய்தும், ஆலைகளில் உழைத்தும் வாழ்ந்த மக்களுக்கு, தம்மவர் நடத்தும் ஒரு நிறுவனத்தை நிமிர்ந்து பார்க்கும் வாய்ப்பு அது.

1946: உச்சமும் விளிம்பும்

1930களின் பிற்பகுதியில் ரே டாண்ட்ரிட்ஜ், வில்லி வெல்ஸ், டிக் சீ, மியூல் சட்டில்ஸ் ஆகிய நால்வரும் ஈகிள்ஸின் உள்களத்தைக் காத்தபோது, பத்திரிகைகள் அவர்களைப் ‘பத்து லட்சம் டாலர் உள்களம்’ என்று அழைத்தன. வெள்ளையராக இருந்திருந்தால் அவர்களின் விலை அதுதான் என்பது அந்தப் பெயரின் பொருள்.

பிறகு போர் வந்தது. பந்து வீச்சாளர் லியான் டே, 1944 ஜூனில் நார்மண்டி கடற்கரையில் இறங்கிய ராணுவத்தில் இருந்தார். மான்டி இர்வின் ஐரோப்பாவில் ராணுவப் பொறியியல் பிரிவிலும், லாரி டோபி பசிபிக் கடற்படைத் தளத்திலும் பணிபுரிந்தார்கள். மூவரும் திரும்பிவந்த 1946 பருவத்தின் தொடக்க நாளில், மே 5 அன்று, பிலடெல்பியா அணிக்கு ஒரு ‘ஹிட்’ கூட விட்டுக்கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார் டே. பிஸ் மேக்கியின் தலைமையில் அந்த ஆண்டின் இறுதித் தொடரில், புகழ்பெற்ற கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியை 4-3 என்ற கணக்கில் ஈகிள்ஸ் வென்றது. அந்த ஆண்டு மைதானத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர்.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1945 அக்டோபரில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, மொனார்க்ஸ் அணியின் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் மேஜர் லீக்கில் களமிறங்கினார். விளையாட்டையும் கடந்து, அமெரிக்கச் சமூக வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்று அது. நானும் அப்படித்தான் அதைப் படித்து வளர்ந்தேன். ஆனால், ராபின்சனுக்காக மொனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு டாலர்கூடத் தரவில்லை என்பதை அந்தக் கதைகளில் நான் படித்ததில்லை.

விலை கேட்டவர், விலை கொடுத்தவர்

ஈகிள்ஸுக்கும் அதுவே நேர்ந்தது. அவ்வணியில் ஆடிய இளம் பந்து வீச்சாளர் டான் நியூகமை 1946இல் டாட்ஜர்ஸ் எடுத்துக்கொண்டது; இழப்பீடு எதுவும் இல்லை. 1956இல் மேஜர் லீக்கின் தலைசிறந்த பந்து வீச்சாளருக்கான ‘சை யங்’ விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் இதே நியூகம். கறுப்பின லீக்குகளின் ஒப்பந்தங்கள் முறையானவை அல்ல, அவை சூதாட்டக்காரர்களின் ஏற்பாடு என்பது ரிக்கியின் வாதம்.

எஃபா மேன்லி விடவில்லை. 1947 கோடையில், கிளீவ்லேண்ட் அணியின் உரிமையாளர் பில் வீக் லாரி டோபியைக் கேட்டு வந்தபோது, விலை பேசினார். வெள்ளையரான ஒரு வீரருக்கு இதே திறமை இருந்தால் ஒரு லட்சம் டாலர் கொடுத்திருப்பீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பத்தாயிரம் டாலரும், டோபி அணியில் நிலைத்தால் மேலும் ஐயாயிரமும் என்று பேரம் முடிந்தது. ஜூலை 4 அன்று நியூவர்க்கில் ஆடிய டோபி, ஜூலை 5 அன்று சிகாகோவில் கிளீவ்லேண்ட் சீருடையில் நின்றார். ராபின்சனுக்குத் துணை லீக்கில் ஓராண்டு ஆடிப் பழகும் அவகாசம் கிடைத்தது. அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரரான டோபிக்குக் கிடைத்தது ஓர் இரவு.

மான்டி இர்வின் விஷயத்திலும் டாட்ஜர்ஸ் இலவசமாகவே எடுத்துக்கொள்ள முயன்றது. எஃபா வழக்கறிஞரை அமர்த்தினார், டாட்ஜர்ஸ் பின்வாங்கியது. 1949இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஐயாயிரம் டாலர் கொடுத்து இர்வினைப் பெற்றது. அதற்குள் அணி கைமாறியிருந்தது. அந்தத் தொகையில் தமக்கு வந்த பங்கில் எஃபா ஒரு ரோம மேலாடை வாங்கிக்கொண்டார். பதினான்கு பருவங்களாகத் தோண்டத் தோண்டப் பணம் விழுங்கிய கிணறாக இருந்த அணியிலிருந்து, கடைசியில் அவருக்கு மிஞ்சியது அது.

ரசிகர்கள் அணியைக் கைவிட்டார்கள் என்று சொல்வது எளிது. அவர்களுக்கு ராபின்சனைப் பார்க்க வேண்டியிருந்தது. புரூக்ளின் மைதானம் ரயில் பயணத் தொலைவில்தான் இருந்தது. 1946இல் 1,20,000 ஆக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 1947இல் ஏறத்தாழ 57,000 ஆகவும், 1948இல் 35,000 ஆகவும் சரிந்தது. அந்த மக்கள் செய்தது துரோகம் அல்ல. ஒரு தலைமுறை முழுக்கக் காத்திருந்த காட்சியைப் பார்க்கப் போனார்கள். 1948 பருவத்துடன் நீக்ரோ நேஷனல் லீக் கலைந்தது. விற்கப்பட்ட ஈகிள்ஸ் 1949இல் ஹூஸ்டனுக்கும், 1951இல் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடம்பெயர்ந்து, பிறகு இல்லாமல்போனது.

எதிர்வாதமும் உண்மையே

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பின லீக்குகள் பொற்காலச் சொர்க்கம் அல்ல. 1948இல் ‘எபனி’ இதழில் ராபின்சனே அவற்றைக் கடுமையாக விமர்சித்தார்: குறைந்த சம்பளம், ஓயாத பேருந்துப் பயணம், மோசமான விடுதிகள், ஒழுங்கற்ற நிர்வாகம். அந்த லீக்தான் அவருக்கு மேடை தந்தது என்பதை நினைவூட்டி எஃபா மேன்லி மற்றோர் இதழில் பதிலளித்தார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. விடுதிகள் மோசமாக இருந்ததற்குக் காரணம், நல்ல விடுதிகள் கறுப்பினத்தவரை உள்ளே விடாததுதான் என்பதையும் சேர்த்துப் படித்தால் சித்திரம் முழுமையாகும்.

ஈகிள்ஸை வாழவைப்பதற்காக டோபியும் இர்வினும் காத்திருந்திருக்க வேண்டும் என்று எவரும் வாதிட முடியாது. எஃபாவும் அப்படிச் சொல்லவில்லை. அவர் எதிர்த்தது, கதவைத் திறந்தவர்கள் அதைத் திறந்த முறையை. கறுப்பின லீக்குகள் தங்களைத் துணை லீக்காகவாவது அமைப்புக்குள் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டன, மறுக்கப்பட்டது. ஓர் அணிகூட முழுதாக ஏற்கப்படவில்லை. ‘முறையான ஒப்பந்தம் இல்லை’ என்ற ரிக்கியின் வாதம் எவ்வளவு வலுவற்றது என்பதை, அதே லீக்கின் வீரருக்குப் பணம் கொடுத்து வாங்கிய பில் வீக் காட்டிவிட்டார். வேறு வழி இருந்தது. ஒருவர் அதில் நடந்தும் காட்டினார்.

எடுக்கப்படாதவர்கள்

ஒரு நிறுவனத்திலிருந்து அதன் மிகச் சிறந்த இளைஞர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் எஞ்சியவர்கள் என்ன ஆவார்கள்? ரே டாண்ட்ரிட்ஜ் 1950இல் ஜயன்ட்ஸின் துணை அணியில் ஆடி, தம் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றார். அப்போது அவருக்கு வயது 36. மேஜர் லீக்குக்கு அவரை ஒரு நாள்கூட அழைக்கவில்லை. பிஸ் மேக்கியைப் போன்ற அணி மேலாளர்களுக்கு இடமே இல்லை; மேஜர் லீக்கில் முதல் கறுப்பின நடுவர் வந்தது 1966இல்; முதல் கறுப்பின மேலாளர் வந்தது 1975இல். உரிமையாளர், கணக்காளர், விளம்பரதாரர், பேருந்து ஓட்டுநர், நடுவர் என்று கறுப்பினத்தவர் தாமே நடத்திய ஒரு தொழில் முழுவதும் கரைந்தது. அதற்கு மாற்றாக அவர்களுக்குக் கிடைத்தது, களத்தில் ஆடும் உரிமை மட்டும்.

அந்த உரிமையும் எல்லா இடத்திலும் உடனே கிடைக்கவில்லை. மேஜர் லீக்கின் 16 அணிகளில் கடைசியாக பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரரை ஆடவைத்தது 1959இல். பழைய வீடு இடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகும் புதிய வீட்டின் எல்லா அறைகளும் திறந்திருக்கவில்லை.

இன்னோர் எண்ணையும் குறிப்பிட விரும்புகிறேன். 1980களின் தொடக்கத்தில் மேஜர் லீக் வீரர்களில் 18 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்கக் கறுப்பினத்தவராக இருந்தார்கள். 2024 பருவத்தின் தொடக்கத்தில் அது 6 சதவீதம். கூடைப்பந்தின் ஈர்ப்பு, பயிற்சிக்கான பெருஞ்செலவு என்று இதற்குக் காரணங்கள் பல. ஆயினும், ஒரு சிறுவன் தந்தையின் கைபிடித்து ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதற்குத் தன் ஊரில் தன் மக்களின் அணி ஒன்று இல்லாமல்போனதும் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும் என்றே நான் கருதுகிறேன்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

அங்கீகாரம் பிறகு வந்தது. இர்வின் 1973இலும், டாண்ட்ரிட்ஜ் 1987இலும், டோபி 1998இலும் பேஸ்பால் புகழ் அரங்கத்தில் சேர்க்கப்பட்டார்கள். லியான் டே தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி 1995 மார்ச்சில் மருத்துவமனைப் படுக்கையில் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆறு நாள்களில் காலமானார். 1981இல் மறைந்த எஃபா மேன்லி, 2006இல் புகழ் அரங்கத்தில் இடம்பெற்ற முதல் பெண் ஆனார். தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் பதவிக்கோ பணத்துக்கோ கடிதம் எழுதவில்லை. மறக்கப்பட்ட கறுப்பின வீரர்களைச் சேர்க்கச் சொல்லிப் புகழ் அரங்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். ரூபர்ட் ஸ்டேடியம் 1967இல் இடிக்கப்பட்டது.

நிறத் தடை உடைந்தது சரிதானா என்பது இன்று கேள்வியே அல்ல. விலக்கிவைக்கப்பட்ட மக்களுக்குக் கதவைத் திறக்கும்போது, வெளியே நின்ற காலத்தில் அவர்கள் கட்டியெழுப்பியவற்றை என்ன செய்வது என்பதே கேள்வி. தனி மனிதர்களை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு, அவர்களை உருவாக்கிய அமைப்புகளை மதிப்பற்றவையாக ஒதுக்குவதைச் சமத்துவம் என்று முழு மனதோடு என்னால் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தத்தை மதித்து நியாயமான விலை கொடுத்திருந்தால், ஓரிரு அணிகளையாவது முழுதாக ஏற்றிருந்தால், ஈகிள்ஸ் இன்றும் இருந்திருக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆனால், எஃபா மேன்லி கேட்டது நியாயமான கேள்வி என்பதை அன்றே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

புதிய பதிவேட்டில் ஒவ்வொரு வீரரின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் ஆடிய அணியின் பெயர் இருக்கிறது. சராசரியைப் பார்க்கிறவர்கள் அந்தப் பத்தியையும் ஒரு முறை படிக்க வேண்டும். இர்வின், டோபி, டே என்ற பெயர்களுக்கு நேரே ‘நியூவர்க் ஈகிள்ஸ்’ என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டாயிற்று. செலவை எழுத வேண்டிய வரி இன்னும் காலியாகவே இருக்கிறது.